தோல் சாயத்தில் தின்னர் கலக்கும் கணக்கு

பெல்ட்டோ மணிபர்ஸோ செய்துதரச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் விரும்புவது 'டான்' எனப்படும் இளம்பழுப்பு நிறத்தைத்தான். ஆனால் 'டான்' என்று ஒட்டிய புட்டியைத் திறந்து அப்படியே தோலில் தேய்த்தால், அவர்கள் மனத்தில் இருக்கும் இளம்பழுப்பு வருவதில்லை. செங்காவியை ஒட்டிய, சற்று முரட்டுத்தனமான ஒரு நிறம் வருகிறது. ஸ்பிரிட்டில் கரைத்து விற்கப்படும் தோல் சாயங்கள் வேண்டுமென்றே செறிவாகத் தயாரிக்கப்படுபவை. அவற்றை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்பதைப் பயன்படுத்துபவரின் கைக்கே விட்டுவிடுகிறார்கள். தின்னர் கலந்தால் நிறம் வெளிறும் என்பது எல்லோரும் அறிந்ததுதான். அது எப்படி வெளிறுகிறது, வெளிறும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அந்த வேலையில் நான் கடைப்பிடிக்கும் முறையையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நீர்த்த சாயத்தில் பாதி நிறம் தோலுடையது. சாயம் பெயின்ட் அன்று. அது ஒளியைத் தனக்குள் விடுகிறது. ஒளி சாயம் ஊறிய அடுக்கைக் கடந்து, அடியிலுள்ள நாரில் பட்டுச் சிதறி, மறுபடியும் அதே அடுக்கைக் கடந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது. சாயம் அடர்த்தியாக இருக்கும்வரை அடித்தோலின் நிறம் தெரிவதில்லை. நீர்க்க நீர்க்க அது மேலே வந்துகொண்டே இருக்கும். நான் சென்னைப் பெரியமேட்டில் வாங்குவது தாவரப் பதனிட்ட மாட்டுத்தோல், பெரும்பாலும் புவிசார் குறியீடு பெற்ற ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் வகை. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கத்துப் பதனிடும் கூடங்களில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையிலும், பிறகு வாட்டில் என்னும் ஒருவகை வேலமரத்தின் பட்டைச் சாற்றிலும் ஊறவைத்து, முடிவில் கடுக்காய்ச் சாறு கொடுத்து எடுக்கப்படும் தோல் இது. கடுக்காய் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு: ஆவாரம், வாட்டில் போன்றவற்றின் டானின்கள், அதாவது தோலைப் பதனிடும் துவர்ப்புப் பொருள்கள், ஒளி பட்டால் சிவக்கும்; கடுக்காய் அந்தச் சிவப்பை ஓரளவு தடுத்து, தோலுக்கு ஒரு வெளிர் மஞ்சளைத் தருகிறது. ஆகவே கடுக்காய் தூக்கலாக உள்ள தோலும் வாட்டில் தூக்கலாக உள்ள தோலும், ஒரே புட்டியிலிருந்து ஒரே விகிதத்தில் கலந்த சாயத்தை ஏற்றாலும், இருவேறு பழுப்பாகத்தான் காயும். இணையத்தில் யாரோ கொடுத்த விகிதம் நம் தோலில் பலிக்காமல் போவதற்கு முதற்காரணம் இதுதான்.

அடுத்தது, எதைக் கலப்பது என்ற கேள்வி. சாயம் எதில் கரைந்திருக்கிறதோ அதையே கலக்க வேண்டும் என்பது பொதுவிதி. 1895 முதல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயங்கிவரும் ஃபீபிங்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஸ்பிரிட் சாயத்துக்கென்றே தனியாகத் தின்னர் விற்கின்றன. அது கிடைக்காதபோது நான் நாடுவது ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதக் கரைசலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அதில் மீதி 30 பங்கு நீர். ஸ்பிரிட் சாயங்களில் பல நீரில் நன்றாகக் கரைவதில்லை. நீர் கூடும்போது சில நிறக்கூறுகள் நுண்துகள்களாகப் பிரிந்து நின்றுவிடும், தோலில் அவை புள்ளியாகப் படியும். பெயின்ட் கடையில் 'ஸ்பிரிட்' என்று சொல்லித் தருவதில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும். அதன் ஆவியும் நல்லதன்று, தோல்வழியாகவும் உடம்பில் ஏறும் என்பதால் நான் அதைத் தொடுவதே இல்லை. எதைப் பயன்படுத்தினாலும் நைட்ரைல் கையுறையும் திறந்த சன்னலும் தேவை.

நீரில் கரையும் சாயங்களுக்கு நீரையே கலக்கலாம், ஆனால் குழாயில் வரும் நீரை அன்று. சென்னையில் பல வீடுகளின் போர்வெல் நீரில் இரும்பு இருக்கிறது. குளியலறை வாளியில் படியும் செம்மண் நிறக் கறையே சாட்சி. தாவரப் பதனிட்ட தோலில் நிறைந்திருக்கும் டானினோடு இரும்பு சேர்ந்தால் கருநீலமும் கருப்புமாகக் கறை விழும். கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். அழகான இளம்பழுப்பில் ஆங்காங்கே சாம்பல் புள்ளி தெரிந்தால் சாயத்தைக் குறைசொல்வதற்கு முன் நீரைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது. அதுவே போதும்.

இனி விகிதம். '1:4' என்று எழுதும் வழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன். ஒருவருக்கு அது ஒரு பங்கு சாயமும் நான்கு பங்கு தின்னரும். இன்னொருவருக்கு மொத்தம் நான்கு பங்கில் ஒரு பங்கு சாயம். ஒரு பங்கு சாயம், மூன்று பங்கு தின்னர் என்பதை 1+3 என்று எழுதினால் குழப்பமே இல்லை. நான் தயாரிக்கும் வரிசை 1+1, 1+3, 1+7, 1+15 என்று போகும். அதாவது ஒவ்வொரு படியிலும் செறிவு முந்தையதில் பாதி. 10 சதவீதம், 20 சதவீதம் என்று சீராகக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். சாயம் ஒளியை உறிஞ்சுவது நேர்க்கோட்டில் நடப்பதில்லை. ஒவ்வொரு சம அளவு சாயமும் தன்மேல் வந்து விழும் ஒளியில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத்தான் விழுங்குகிறது. முதற்பங்கு விழுங்கியதுபோக மிஞ்சியதில்தான் அடுத்த பங்குக்கு வேலை. அடர்பழுப்பு முழுச் செறிவில் ஏற்கெனவே பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிட்டதால், அதைப் பாதியாகக் குறைத்தாலும் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. 1+1 துண்டையும் கலக்காத சாயத் துண்டையும் அருகருகே வைத்தால் புதியவர்கள் இரண்டும் ஒன்றே என்பார்கள். 1+7க்கும் 1+15க்கும் இடையிலோ பட்டென்று மாற்றம் தெரியும். சமபங்காகக் குறைத்துக்கொண்டே போகும் முறையில், அடர்ந்த பக்கத்தில் பயனற்ற துண்டுகள் குவியும். நமக்கு வேண்டிய இளநிறம் கடைசி இரண்டு துண்டுகளுக்கு நடுவே எங்கோ தப்பிவிடும். பாதி பாதியாக இறங்கினால் இளநிறப் பக்கத்தில் போதிய துண்டுகள் கிடைக்கும். தேவையான நிறம் 1+7க்கும் 1+15க்கும் நடுவே என்று தெரிந்தபின் 1+10, 1+12 என்று நெருக்கிப் பார்த்தால் போதும்.

அளப்பதற்கு ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு இரண்டு, ஒன்று சாயத்துக்கு, ஒன்று தின்னருக்கு. சொட்டுக் கணக்கை நம்பக்கூடாது என்பதற்கு ஓர் எளிய இயற்பியல் காரணம் இருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். ஆல்கஹாலுடையது சுமார் 22தான். அதனால் ஒரே சொட்டுமருந்துக் குழாயிலிருந்து விழும் ஆல்கஹால் சொட்டு, நீர்ச் சொட்டைவிட மிகச் சிறியது. மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்ற பழைய கணக்கு நீருக்குத்தான் பொருந்தும். சாயத்தைச் சொட்டிலும் தின்னரை மூடியிலும் அளந்து கலந்தவர், அடுத்த மாதம் அதே நிறத்தை மறுபடியும் கொண்டுவர முடியாமல் திண்டாடுவார்.

இதுவரை சொன்னது அளவு. இதைவிடச் சுவையானது, நீர்க்கும்போது நிறமே வேறாகிவிடுவது. பழுப்பு என்பது ஒற்றைச் சாயமாக இருப்பது அரிது. மஞ்சள் அல்லது ஆரஞ்சு, சிவப்பு, அதன்மேல் கருப்போ நீலமோ என்று சில சாயங்களைக் கலந்துதான் அதைத் தயாரிக்கிறார்கள். அடர்ந்திருக்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரே இருளாகத் தெரிவதால் கலவை வெளிப்படுவதில்லை. 1+15க்கு இறங்கும்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியவந்துவிடுகிறது. ஒரு அடர்பழுப்பு ரோஜா நிறம் கலந்த மணல்போல வெளிறும். இன்னொன்று பச்சையோடிய காக்கியாக முடியும். இரண்டும் புட்டியில் ஒன்றுபோலவே இருந்தவை.

இதை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. காபி வடிதாளையோ ஆய்வக வடிதாளையோ ஒரு டம்ளரின் வாயில் விரித்து, நடுவில் ஒரு சொட்டு சாயம் வைத்து, அது காய்ந்ததும் அதே இடத்தில் சிறிது சிறிதாக ஆல்கஹாலை விட்டுக்கொண்டே வந்தால், சாயம் வட்டமாகப் பரவத் தொடங்கும். தாளின் நாரோடு ஒட்டிக்கொள்ளும் கூறு பின்தங்கும். ஆல்கஹாலோடு ஓடும் கூறு முந்தும். சற்று நேரத்தில் நடுவில் கரும்பழுப்பு, அதைச் சுற்றிச் சிவப்பு, விளிம்பில் மெல்லிய மஞ்சள் என்று வளையங்கள் விழும். இலைகளின் நிறமிகளைப் பிரிக்க ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட நிறப்பிரிகை முறையின் எளிய உறவுமுறைதான் இது. விளிம்பில் பச்சை வந்தால் இந்தச் சாயம் இளநிறத்தில் காக்கிக்குப் போகும், ரோஜா வந்தால் சிவப்புக்குப் போகும் என்று அனுமானிக்கலாம். தோலும் ஒரு வடிதாள்தான் என்பதை இதைப் பார்த்தபின் மறக்க முடியாது. நனைந்த துணியால் ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால், அந்த இடத்தைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வளையம் படர்வதற்கும் காரணம் இதே பிரிகைதான்.

ஆகவே நல்ல இளம்பழுப்பு வேண்டுமென்றால், அடர்பழுப்பை ஓட ஓட நீர்ப்பதைவிட, கூடியவரை வெளிர்நிறச் சாயத்திலிருந்தே தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. வெளிர்பழுப்புச் சாயத்தை 1+3க்கு இறக்கி, அதிலும் சிவப்பு மிஞ்சினால், துளி பச்சை சேர்க்கலாம். சிவப்பைப் பச்சை அடக்கும் என்பது கைவினைஞர்கள் எல்லோரும் கையாளும் பழைய உத்தி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருத்தும் சாயத்தையும் முதலில் குறைந்தது அதே அளவுக்காவது நீர்த்துக்கொள்ள வேண்டும். நீர்த்த பழுப்பு 20 மில்லிலிட்டரில் கலக்காத பச்சை ஒரு சொட்டு விழுந்தால் அது திருத்தமாக நிற்காது, கலவையையே தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பச்சையையும் 1+7 ஆக்கி வைத்துக்கொண்டு சிரிஞ்சில் 0.2 மி.லி. வீதம் சேர்த்துப் பார்த்தால் கை தவறாது. பச்சை சிவப்பைக் குறைப்பதோடு நிறத்தைச் சற்று இருளவும் செய்யும் என்பதால், திருத்திய பிறகு இன்னும் கொஞ்சம் தின்னர் தேவைப்படும்.

கருப்பை நீர்த்துச் சாம்பல் எடுப்பதும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. ஸ்பிரிட் கருப்புகளில் பரவலான நைக்ரோசின் நீலம் ஓடும் கருப்பு. அதை நீர்த்தால் நீலச்சாம்பல் வரும். அதைக் கடுக்காயின் மஞ்சள் ஏறிய நம் தோலில் இட்டால், நீலமும் மஞ்சளும் சேர்ந்து பாசிபிடித்த பச்சையாக நிற்கும். சிவப்போ ஊதாவோ மிகச் சிறிதளவு சேர்த்தால்தான் நடுநிலைச் சாம்பலுக்கு வரும். சாம்பல்நிறம் கேட்பவர்களுக்கு நான் முடிந்தவரை வேறு நிறத்தையே சிபாரிசு செய்கிறேன்.

தொழிற்சாலையில் இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அணுகுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துக் கூடங்களில் சுழலும் டிரம்மில் சாயமேற்றும்போது, நீரில் சாயத்தின் செறிவு எவ்வளவு என்பதைவிடத் தோலின் எடையில் எத்தனை சதவீதம் சாயம் என்பதையே கணக்கிடுவார்கள். சாயம் ஏறியதும் ஃபார்மிக் அமிலம் கொடுத்து அமிலத்தன்மையைக் கூட்டுவார்கள். தோலின் புரதமான கொலாஜன் நாரில் உள்ள அமினோ தொகுதிகள் அப்போது நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். நீரில் மிஞ்சும் சாயம் மிகக் குறைவு. நிறத்தைத் தீர்மானிப்பது தோலுக்குள் மொத்தம் எவ்வளவு சாயம் போய்ச் சேர்ந்தது என்பதே. மேசையில் துணியால் தேய்க்கும் நமக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 1+7 சாயத்தை மூன்று முறை ஏற்றினால் தோலில் சேரும் சாயம் 1+3ஐ ஒருமுறை ஏற்றியதைத் தாண்டிவிடலாம். அதனால் விகிதத்தை மட்டும் குறித்துவைப்பதில் பயனில்லை. எத்தனை பூச்சு, எவ்வளவு நனைந்த துணி என்பதும் சேர்ந்ததுதான் செய்முறை.

ஒரே அடர் பூச்சைவிட நீர்த்த பூச்சு இரண்டு மூன்று நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செறிவான சாயம் முழுதும் உள்ளே போவதில்லை. மிஞ்சியது மேற்பரப்பில் பொடியாகப் படிந்துவிடும். கருப்பில் அது செம்பு மினுமினுப்பாகவே கண்ணில் தெரியும். காய்ந்தபின் வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் ஏறும். வெள்ளை வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டுபவர்கள் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. நீர்த்த சாயம் ஆழமாகப் போகும், மேலே தங்குவது குறையும். என்றாலும் வியர்வையில் நனைந்த நிலையிலும் தேய்த்துப் பார்த்த பிறகே பெல்ட்டை அனுப்ப வேண்டும்.

திட்டுத்திட்டாகப் படிவது இளநிறத்தின் பெருந்தொல்லை. அடர்நிறம் மறைத்துவிடும் எல்லாக் குறைகளையும் இளநிறம் காட்டிக்கொடுக்கும். மாட்டுத்தோலின் முதுகுப் பகுதியில் நார் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதியில் தளர்ந்திருக்கும், சாயத்தை அதிகமாகக் குடிக்கும். சோதனைத் துண்டை வயிற்றுப் பக்கத்தில் வெட்டி, பெல்ட்டை முதுகில் வெட்டினால் இரண்டும் பொருந்தாது. பொருள் எந்த இடத்தில் வெட்டப்படுகிறதோ அதை ஒட்டிய ஓரத்திலிருந்தே துண்டு எடுக்க வேண்டும். சாயமிடுவதற்கு முன் வெறும் ஆல்கஹாலால் ஒருமுறை முழுதும் துடைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் சாயத்தை ஏற்றினால் முதல் தொடுகை பதிந்த இடம் கருத்து நிற்பது பெரிதும் குறைகிறது.

சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் கொதிநிலை 82.5 டிகிரிதான், அகலமான தட்டில் ஊற்றிவைத்த நீர்த்த சாயம், மின்விசிறிக் காற்றில் நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே செறிந்துகொண்டு போகும். ஒரு பெல்ட்டின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு வருவதற்குள் நிறம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறியிருக்கும். வளைத்து பக்கிளில் கோக்கும்போது இரு முனைகளும் அருகருகே வந்து காட்டிக்கொடுக்கும். வாய் குறுகிய குப்பியில் வைத்துக்கொண்டு, தேவைக்கு மட்டும் துணியில் கவிழ்த்து எடுப்பதே தீர்வு. கூடுமானால் விசிறியை நிறுத்திவிட வேண்டும். வியர்வை சொட்டினால் அதுவும் கறைதான் என்பதால் நெற்றியில் துண்டு கட்டிக்கொள்வேன்.

நிறத்தை எப்போது பார்ப்பது? ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கக்கூடாது, காய்ந்ததும் பார்த்தும் முடிவெடுக்கக்கூடாது. நார்களுக்கிடையே காற்று இருக்கும்போது ஒளி அதிகம் சிதறி நிறம் வெளுத்துத் தெரிகிறது. ஈரமோ எண்ணெயோ மெழுகோ அந்த இடைவெளியை நிரப்பினால் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகிறது. ஆகவே காய்ந்த துண்டு, முடிவான நிறத்தைவிட வெளிறியது. மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபூட் எண்ணெய் தடவி, ஒருநாள் விட்டு, மேல்பூச்சு எதைக் கொடுக்கப்போகிறோமோ அதையும் கொடுத்த பிறகுதான் துண்டு பேசத் தகுதியுள்ளதாகிறது. அக்ரிலிக் பூச்சு ஒருவிதமாகவும் தேன்மெழுகு இன்னொருவிதமாகவும் ஆழமாக்கும். ஒளியும் முக்கியம். வாடிக்கையாளரின் ஷூவுக்கு இரவில் மஞ்சள் எல்.இ.டி. விளக்கின்கீழ் அச்சாகப் பொருந்திய நிறம், காலை வெளிச்சத்தில் சிவப்பாக விலகி நிற்கும். இரு பொருள்களிலும் வெவ்வேறு சாயங்கள் இருக்கும்போது ஒரு விளக்கில் ஒத்துப்போவதும் இன்னொன்றில் பிரிவதும் இயல்பு. தோல் கூடங்களில் 6,500 கெல்வின் பகலொளி விளக்கும் கடை விளக்கும் பொருத்திய பெட்டிக்குள் வைத்து ஒப்பிடுவதற்குக் காரணம் அதுவே. வீட்டில் நேர்வெயில் விழாத சன்னலோரம் போதும்.

கடைசியாக ஒளிக்கு நிறம் தாங்குமா என்பது. ஒரே சாயம் அடர்த்தியாக இருக்கும்போது தாங்குமளவுக்கு, நீர்த்த நிலையில் தாங்காது; இருப்பதே கொஞ்சம் என்பதால் அதில் சிறிது அழிந்தாலும் பளிச்சென்று தெரியும். மறுபக்கம், அடித்தோலின் டானின் ஒளியில் சிவந்துகொண்டிருக்கும். வெளிர்பழுப்புப் பெல்ட் ஒன்று ஆறுமாதத்தில் என்ன நிறமாகும் என்பது இந்த இரண்டின் போட்டியைப் பொறுத்தது. முடித்த துண்டின் பாதியைக் கருப்புத் தாளால் இறுக்கி மூடி, மொட்டை மாடியில் கண்ணாடிக்கு அடியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால், மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம். கோடு தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கலவையை நான் பெல்ட்டுக்குப் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலும் பைக்குள்ளேயே இருக்கும் மணிபர்ஸுக்கு ஒதுக்கிவிடுவேன். கோடு மங்கலாக இருந்தால், அந்தத் துண்டையே வாடிக்கையாளருக்குப் படமெடுத்து அனுப்பி, இந்த அளவுக்கு மாறும், சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் தோலை வெட்டுகிறேன்.